எண்ணிக்கை இல்லாதவரின் கணக்கு: தேவராஜ் அர்ஸும் கர்நாடகமும்

1947 அக்டோபரில் மைசூரில் மக்களாட்சி அமைந்ததிலிருந்து 1971 மார்ச் வரை அந்த மாநிலத்தை ஆண்ட முதலமைச்சர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். கே. சி. ரெட்டி, கெங்கல் ஹனுமந்தையா, கடிதாள் மஞ்சப்பா ஆகிய மூவரும் ஒக்கலிகர்களாக எண்ணப்படுபவர்கள். 1956இல் கன்னடம் பேசும் பகுதிகள் ஒன்றாக இணைந்த பிறகு வந்த நிஜலிங்கப்பா, பி. டி. ஜத்தி, எஸ். ஆர். கந்தி, வீரேந்திர பாட்டீல் ஆகிய நால்வரும் லிங்காயத்துகள். கால் நூற்றாண்டுக் காலம் ஆட்சி இரண்டு வீடுகளுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையும் நிலமும் ஒரே கையில் சேர்ந்த சாதியை 'ஆதிக்கச் சாதி' என்று பெயரிட்டு அழைத்தவர் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ். அந்தக் கருத்தாக்கத்தை அவர் உருவாக்கியது மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கிச் செய்த ஆய்வின் அடிப்படையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1972 மார்ச் 20 அன்று அந்த வரிசையை உடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். மைசூர் மாவட்டம் ஹுன்சூர் தாலுகாவில் உள்ள கல்லஹள்ளியைச் சேர்ந்த டி. தேவராஜ் அர்ஸ். நெடிய உருவம், வாயில் புகைக்குழாய். ஆங்கில எழுத்தில் 'அர்ஸ்' என்று சுருங்கிப்போன அந்தப் பெயர் கன்னடத்தில் 'அரசு'. தமிழ் வாசகருக்கு அதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. மைசூர் மன்னர் குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை உள்ள சிறு சமூகம் அது. பெயரில் அரசு இருந்தாலும், தேர்தல் கணக்கில் அதற்குப் பெறுமதி கிடையாது. ஒரு தொகுதியைக்கூட அந்தச் சமூகத்தின் வாக்குகளால் மட்டும் வென்றுவிட முடியாது. அர்ஸ் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆண்டதற்கும், கடைசியில் ஒரே தேர்தலில் எல்லாவற்றையும் இழந்ததற்கும் இந்த ஒரே காரணத்தைத்தான் நான் பார்க்கிறேன். தனக்கென்று ஆள்பலம் இல்லாதவர் மற்றவர்களின் ஆள்பலத்தை எண்ணக் கற்றுக்கொண்டார்.

1915 ஆகஸ்ட் 20இல் பிறந்தவர். மைசூரிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு, ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். 1941இல் மைசூர் பிரஜாப் பிரதிநிதி சபைக்குத் தேர்வானார், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றார், 1952 முதல் ஹுன்சூரில் வென்றுவந்தார், நிஜலிங்கப்பாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். இதுவரை இது எந்தக் காங்கிரஸ்காரருக்கும் பொருந்தக்கூடிய வாழ்க்கைக் குறிப்புதான். ஐம்பத்துநான்கு வயது வரை இவர் மாநிலத்தைப் புரட்டிப்போடுவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

வாய்ப்பைக் கொண்டுவந்தது 1969இல் காங்கிரஸ் பிளந்ததுதான். பிரதமர் இந்திரா காந்தியை எதிர்த்து நின்ற பழைய காங்கிரஸின் தலைவரே நிஜலிங்கப்பா. முதல்வர் வீரேந்திர பாட்டீலும் அவர் பக்கம். மாநிலத்தின் பெரிய தலைகள் எல்லாம் அங்கே போய்விட, இந்திரா பக்கம் நின்ற சிலரை ஒன்றுசேர்க்கும் வேலை அர்ஸிடம் வந்தது. வீட்டுக்குப் பெரியவர்கள் வெளியேறியதால் சாவி கைக்கு வந்தது என்று சொல்லலாம். 1971 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 27 தொகுதிகளையும் இந்திரா காங்கிரஸ் வென்றது. அடுத்த ஆண்டு சட்டமன்றத்தில் 216 இடங்களில் 165.

அந்தத் தேர்தலில் அர்ஸ் வேட்பாளர்களைப் பொறுக்கிய விதத்தில்தான் அவருடைய அரசியல் தொடங்குகிறது. இந்திரா அலை அடிக்கும் ஆண்டில் யாரை நிறுத்தினாலும் ஜெயிப்பார்கள் என்றால், இதுவரை நிறுத்தப்படாதவர்களை நிறுத்தலாமே. குல்பர்கா பக்கம் குர்மிட்கல்லில் மல்லிகார்ஜுன கார்கே என்ற தலித் வழக்கறிஞர், கடலோரக் கார்கலாவில் தேவாடிகச் சமூகத்தைச் சேர்ந்த வீரப்ப மொய்லி. இருவரும் 1972இல் முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குள் வந்தவர்கள். சோஷலிஸ்டாக இருந்த, ஈடிகர் சமூகத்து எஸ். பங்காரப்பா பின்னர் கட்சிக்குள் வந்து சேர்ந்தார். ராஜபுத்திரரான தரம் சிங், குடகிலிருந்து வந்த பிராமணர் குண்டுராவ் என்று பட்டியல் நீளும். இந்த ஐவரில் மூவர் பின்னால் முதல்வர் ஆனார்கள் என்று எழுத வந்தேன். எண்ணிப் பார்த்தால் நால்வர். கார்கே முதல்வராகவில்லை, கட்சிக்கே அகில இந்தியத் தலைவரானார்.

நிலச் சீர்திருத்தத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அர்ஸைப் பற்றிய புகழும் சரி, பழியும் சரி, அங்கேதான் மையம் கொண்டிருக்கின்றன.

கன்னடத்தில் குத்தகைக்கு 'கேணி' என்று பெயர். நமக்குக் கேணி என்றால் கிணறு, அவர்களுக்கு நிலத்துக்குக் கொடுக்கும் வாரம். 1956 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த தென்கன்னட மாவட்டத்தில் 'மூலகேணி', 'சாலகேணி' என்று இரண்டு வகை உண்டு. முன்னது நிரந்தரக் குத்தகை. பின்னது நில உடைமையாளர் நினைத்தால் வெளியேற்றிவிடக்கூடியது. வயலும் தோட்டமும் மடங்கள், கோயில்கள், பிராமண, பண்ட் குடும்பங்கள் ஆகியோரிடம் இருக்க, பில்லவர்களும் பிற எளிய சாதியினரும் கேணி கொடுத்து உழுதார்கள். மலைநாட்டிலும் இதே கதைதான். சிமோகா மாவட்டம் காகோடுவில் 1951இல் குத்தகை விவசாயிகள் நடத்திய சத்தியாக்கிரகத்துக்கு ராம் மனோகர் லோகியா வந்து கைதானார். சாந்தவேரி கோபால கௌடா என்ற சோஷலிஸ்ட் தலைவர் அந்தப் போராட்டத்தோடு வளர்ந்தவர். 'உழுவவனே ஹொலதொடெய' என்ற முழக்கம் அந்தக் காலத்துச் சொத்து. தமிழில் மாற்றவே வேண்டாத அளவுக்கு அது நமக்குப் புரிகிறது: உழுபவனே வயலுக்கு உடையவன்.

ஜத்தி காலத்தில் 1961இல் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நடைமுறைக்கு வரவே 1965 ஆகிவிட்டது. 'நானே பயிரிடப் போகிறேன்' என்று சொல்லி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள உடைமையாளருக்கு அதில் வழி இருந்ததால், சட்டம் குத்தகைதாரரைக் காத்ததைவிட வெளியேற்றியதே அதிகம் என்பார்கள். அர்ஸ் அரசு கொண்டுவந்த திருத்தம் 1974 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குத்தகையில் இருந்த நிலமெல்லாம் அன்றைய தேதியில் அரசைச் சேர்ந்தது என்று அது ஒரே வரியில் அறிவித்தது. படைவீரர்கள், கடலோடிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. உழுதவர் ஏழாம் எண் படிவத்தில் விண்ணப்பித்து நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையான புதுமை தீர்ப்பாயத்தில் இருந்தது. விண்ணப்பங்களை விசாரிக்க அமைக்கப்பட்ட நிலத் தீர்ப்பாயங்களில் உதவி ஆணையர் தலைவர். அரசு நியமிக்கும் நான்கு பொதுமக்கள் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர். வழக்கறிஞர்கள் வந்து வாதாட அனுமதி இல்லை. சிவில் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றே வழி. இந்திய நிலச் சட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நிலச் சட்டங்கள் தோற்றது சட்டமன்றத்தில் அல்ல, கச்சேரிப் படிக்கட்டுகளில். வாய்தா வாங்கி வாங்கியே ஏழையை நடக்கவிட்டுக் களைக்கச் செய்ததுதான் பண்ணையாரின் ஆயுதம். அர்ஸ் அந்த ஆயுதத்தைப் பிடுங்கினார். தீர்ப்பாயத்துக்கு வரும் கேள்வி எளிமையானது: அந்த வயலை உழுதவர் யார்? பத்திரம் இல்லாவிட்டாலும், அதற்கான பதில் பக்கத்து வயல்காரருக்குத் தெரியும்.

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. பாதிக்கு மேல் குத்தகைதாரர் பக்கம் முடிவாயின. நிலச் சீர்திருத்தத்துக்கெனத் தனியாக ஓர் அமைச்சர், கடலோரத்துக்காரரான சுப்பையா ஷெட்டி. அந்த மாவட்டத்தில் நில உடைமையாளர்களாக இருந்த சாதியைச் சேர்ந்தவரே அதை நடத்தினார். உடுப்பி மடங்கள் வயல்களை இழந்தன. பெரிய மடங்களோடு, இரண்டு மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு அரிசி வாங்கிச் சாப்பிட்டுவந்த கைம்பெண்களும் சிறு குடும்பங்களும் இழந்தார்கள். கடலோரக் குடும்பங்களில் இந்தக் கதை இரண்டு விதமாகவும் சொல்லப்படுகிறது. எந்த வீட்டில் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் இந்தச் சட்டம் யாரைத் தொடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நில உச்சவரம்பு பத்து அலகுகள் என்று வைக்கப்பட்டது. மானாவாரி நிலமானால் அது 54 ஏக்கர் வரை போகும். மிகுதியாகக் கைப்பற்றிக் கூலி விவசாயிகளுக்குக் கொடுத்த நிலம் சொற்பம். மண்டியா, ஹாசன் பகுதி ஒக்கலிகரும் வடக்கே லிங்காயத்துகளும் பெரும்பாலும் சொந்த நிலத்தில் சொந்தமாகவே பயிரிட்டவர்கள். குத்தகையை ஒழித்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சேதமும் இல்லை. அதாவது, இரண்டு பெரிய சாதிகளின் ஆட்சியை முறித்த மனிதர் அந்தச் சாதிகளின் நிலத்தில் கை வைக்கவில்லை. வரவிருந்த பெரிய மாற்றத்தை முன்கூட்டியே தடுத்து நிறுத்தவே இந்தச் சீர்திருத்தம் செய்யப்பட்டது என்று பொருளியல் ஆய்வாளர் நரேந்திர பாணி 1980களில் ஒரு நூலே எழுதினார். என் பார்வையில் அது பாதி சரி. கையில் இருந்த பலத்துக்கு ஏற்ற அளவில்தான் அர்ஸ் சண்டை போட்டார். அடிக்கக்கூடிய இடத்தில் பலமாக அடித்தார், முடியாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அதனால் தலித் கூலிகளுக்குக் கிடைத்தது கடன் நிவாரணமும் கொத்தடிமை ஒழிப்பும் வீட்டுமனையும், வயல் அல்ல.

தலித்துகள் விஷயத்தில் அவருடைய எல்லை 1973 நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. தலையில் மலம் சுமக்கும் கொடுமைக்குத் தடை போட்ட அமைச்சர் பி. பசவலிங்கப்பா, மைசூரில் பேசும்போது கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்று சொல்லிவிட்டார். மாட்டுக்குப் போடும் தவிடு என்று பொருள். கல்லூரிகள் கொந்தளித்தன, தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பசவலிங்கப்பா பதவி விலக வேண்டியதாயிற்று. அர்ஸ் அவரைக் காப்பாற்றவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் தேவனூரு மகாதேவ, சித்தலிங்கையா போன்றவர்களின் தலைமுறை கிளம்பியது, தலித் சங்கர்ஷ சமிதி உருவானது. முதல்வர் திட்டமிடாமல் விளைந்த விளைச்சல் இது.

இடஒதுக்கீட்டுக்கு வருவோம். இங்கே கர்நாடகத்தின் பாதை நம்முடையதோடு தொடங்கி வேறு பக்கம் திரும்பியது. நீதிக் கட்சியின் எழுச்சியைப் பார்த்து 1917இல் மைசூரில் 'பிரஜா மித்ர மண்டலி' தொடங்கப்பட்டது. அதன் கோரிக்கையால் மகாராஜா அமைத்த மில்லர் குழு 1919இல் பிராமணர் அல்லாதார் அனைவரையும் பின்தங்கியோர் என்றது. இந்த ஏற்பாட்டோடு முரண்பட்டுத்தான் திவான் விசுவேசுவரய்யா விலகினார். அணைகட்டியவராக மட்டும் அவரை நினைக்கும் நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். அந்த 'பிராமணர் அல்லாதார்' என்ற பெரிய கூடைக்குள் லிங்காயத்தும் ஒக்கலிகரும் இருந்தார்கள். பலனையும் பெருமளவு அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 1962இல் மைசூர் அரசு மொத்தம் 68 விழுக்காடு ஒதுக்க முயன்றபோது, பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டும் ஐம்பது விழுக்காட்டு வரம்பின் தொடக்கம் அந்த மைசூர் வழக்குதான்.

அர்ஸ் 1972 ஆகஸ்டில் அமைத்த குழுவுக்கு எல். ஜி. ஹாவனூர் தலைவர். வேடர் குலத்தில் பிறந்த வழக்கறிஞர். 1972 ஏப்ரல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஒவ்வொரு சாதியிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்கெடுத்து, மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டது அந்தக் குழு. 1975 நவம்பரில் தந்த அறிக்கை பின்தங்கியோரைச் சமூகங்கள், சாதிகள், பழங்குடிகள் என்று மூன்றாகப் பிரித்து, முறையே 16, 10, 6 விழுக்காடு பரிந்துரைத்தது. பெரிய கூடையை உடைத்துச் சிறு கூடைகளாக்கியதுதான் இதில் முக்கியம். இல்லாவிட்டால் வண்ணாரும் நாவிதரும் குயவரும் எந்தக் காலத்திலும் ஒக்கலிகரோடு போட்டியிட்டு வென்றிருக்க முடியாது. லிங்காயத்துகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒக்கலிகர்கள் உள்ளே வைக்கப்பட்டார்கள். இரண்டு பெரியவர்களையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளாத கணக்கு இங்கேயும் வேலை செய்தது. அரசு ஆணை 1977 பிப்ரவரியில் வந்தது. ஹாவனூரே பின்னர் அர்ஸின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார்.

தமிழ்நாட்டில் 1970இல் சட்டநாதன் குழு அறிக்கை வருவதற்கு முன்னாலேயே அரை நூற்றாண்டு இயக்கம் நடந்திருந்தது. மேடை, பத்திரிகை, நாடகம், திரைப்படம் எல்லாம் வழியாக அந்தக் கோரிக்கை மக்கள் வாயில் புழங்கியது. கர்நாடகத்தில் பெரும்பாலும் ஆணை முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது. இந்த வேறுபாடு 1980இல் அர்ஸின் கழுத்தைப் பிடித்தது.

அதற்கு முன்னால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெருக்கடிநிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் மது தண்டவதேயும் அடைக்கப்பட்டது பெங்களூரு மத்திய சிறையில். 'சம்ஸ்காரா' படத்தில் நடித்த சினேகலதா ரெட்டி அதே சிறையில் ஆஸ்துமாவோடு மாதக்கணக்கில் வாடி, 1977 ஜனவரியில் பரோலில் விடப்பட்ட சில நாட்களில் இறந்தார். வடநாட்டளவுக்குக் கர்நாடகத்தில் அட்டூழியம் இல்லை என்று அர்ஸின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அந்த ஒரு மரணத்துக்கு முன் அந்த ஒப்பீடு எடுபடாது. பிறகு ஊழல். மத்திய ஜனதா அரசு 1977இல் நீதிபதி ஏ. என். குரோவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மாநில முதல்வரை மத்திய அரசு விசாரிக்கலாமா என்று கர்நாடக அரசே உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றது; கூட்டாட்சி பற்றிய பாடங்களில் இன்றும் வரும் வழக்கு அது. குரோவரின் அறிக்கை சில குற்றச்சாட்டுகளில் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. சாதிபலமோ நிலபலமோ இல்லாதவர்களைத் தேர்தலில் நிறுத்தினால் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். இது விளக்கமே தவிர நியாயம் ஆகாது.

காவிரியில் அவர் நமக்கு நண்பர் அல்லர். 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுகள் 1974 பிப்ரவரியில் முடிந்தபோது கர்நாடகத்தின் முதல்வர் அவரே. ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்பது அந்த அரசின் நிலை. கபினி அணை அந்த ஆண்டில்தான் முடிந்தது. 1976 ஆகஸ்டில், தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த வேளையில், ஜகஜீவன் ராம் முன்னின்று எட்டிய உடன்பாடும் நிலைக்கவில்லை. அந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

1977 மார்ச்சில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது கர்நாடகம் 28இல் 26 இடங்களை அதற்குக் கொடுத்தது. டிசம்பர் 31 அன்று ஜனதா அரசு அர்ஸின் ஆட்சியைக் கலைத்தது. இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் 224இல் 149 இடங்களோடு அவர் திரும்பி வந்தார். வீழ்ந்திருந்த இந்திராவுக்கு நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரு தொகுதி தேவைப்பட்டபோது, டி. பி. சந்திரே கௌடா சிக்மகளூரை விட்டுக்கொடுக்க, 1978 நவம்பர் இடைத்தேர்தலில் இந்திரா 70,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர், பழைய முதல்வர் வீரேந்திர பாட்டீல். அந்த நாளில் இந்திரா அர்ஸுக்குக் கடன்பட்டிருந்தார். கடன்பட்டவர்களைவிடக் கடன் கொடுத்தவர்களுக்குத்தான் தில்லி தர்பாரில் ஆபத்து. முதல்வர் பதவியும் மாநிலக் கட்சித் தலைமையும் ஒருவரிடமே இருக்கலாமா என்ற கேள்வி கிளப்பப்பட்டது. சஞ்சய் காந்தியின் மறுவரவு அர்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1979 ஜூனில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பெரும்பாலான சட்டமன்ற உறுப்பினர்கள் அவரோடு நின்றதால் ஆட்சி தப்பியது. ஆண்டு முடிவதற்குள் இந்திராவை எதிர்த்த காங்கிரஸின் அகில இந்தியத் தலைவராகவும் ஆனார்; அந்தக் கட்சியின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவர் பெயரின் முதலெழுத்து ஏறியது.

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் 28 இடங்களில் 27ஐ இந்திரா காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. ஜனவரி 12 அன்று அர்ஸ் விலகினார். நேற்று வரை உடன் இருந்த சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டமாக அணி மாற, அவர் வளர்த்த குண்டுராவ் முதல்வரானார்.

ஏழாம் எண் படிவம் போட்டு நிலம் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் எங்கேயும் போகவில்லை; வழக்கம்போல வாக்களித்தார்கள். நிலம் தந்தது 'இந்திரம்மா' என்றுதான் அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்படி அறியச் செய்தவரும் அர்ஸ்தான். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு திட்டத்தையும் அவர் இந்திராவின் பெயரால்தான் கொடுத்தார். மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வை இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே குத்தகைதாரரின் பெயரைப் பதியும் அதிகாரிக்குப் பின்னால் கிசான் சபா நின்றது. பதிந்த பெயர் கட்சியின் கணக்கில் சேர்ந்தது. நிலத்தில் செய்த வேலையின் அளவில் கர்நாடகம் வங்கத்துக்குப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் அர்ஸின் தீர்ப்பாயத்துக்குப் பின்னால் எந்தச் சங்கமும் இல்லை. கொடுக்கப்பட்ட வயல் கிடைத்தவருடையதாயிற்று, கொடுத்தவர் பெயர் வேறொருவருடையதாயிற்று.

சட்டம் மட்டும் அவரைவிட நீண்ட நாள் நின்றது. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்று 1974இல் சேர்த்த பிரிவுகளை நீக்கக் கர்நாடகத்துக்கு 2020 வரை துணிவு வரவில்லை. சிறுபான்மையினர், பின்தங்கியோர், தலித்துகள் என்று, பின்னாளில் முதல்வரான சித்தராமையா கட்டிய கூட்டணியும் அர்ஸ் வரைந்த கோட்டின் மேல் போட்ட சாலைதான். 2018இல் அவர் ஐந்தாண்டுப் பதவிக் காலத்தை நிறைவு செய்தபோது, அர்ஸுக்குப் பிறகு அப்படி நிறைவு செய்த முதல் முதல்வர் என்று பத்திரிகைகள் எழுதின.

பதவி போன பிறகு அர்ஸ் 'கிராந்தி ரங்கா' என்ற புதுக் கட்சிக்கு வேலை தொடங்கினார். 1982 ஜூன் 6 அன்று இறந்தார். ஏழு மாதம் கழித்து, 1983 ஜனவரியில், ஜனதாவும் கிராந்தி ரங்காவும் சேர்ந்து மாநிலத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத ஆட்சியைப் பிடித்தன. கிராந்தி ரங்காவை நடத்திய பங்காரப்பா முதல்வர் நாற்காலி தனக்கே என்று காத்திருந்தார். லிங்காயத்து, ஒக்கலிகத் தலைவர்களும் கண் வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் விடாததால், அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லாத ராமகிருஷ்ண ஹெக்டேவை அழைத்து உட்காரவைத்தார்கள். வடகன்னடத்துப் பிராமணர். அவருக்குப் பின்னாலும் எண்ணிக்கை இல்லை.